அரைச்சுவர் வகுப்பறையும் நம் நுரையீரலும்

(பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)





வைத்தியராகப் போன பிள்ளைகளைப் பழைய மாணவியர் கூட்டத்துக்கு அழைத்தால் நீரிழிவைப் பற்றியோ இரத்த அழுத்தத்தைப் பற்றியோதான் பேசச் சொல்வது வழக்கம். செயலாளர் அக்கா எங்களைச் சுவாச நோய்கள் பற்றிப் பேசச் சொன்னார். ஏன் என்று கேட்டோம். "போன கூட்டத்தில் பாதிப் பேர் இருமிக்கொண்டிருந்தீர்களே, காதில் விழவில்லையா?" என்றார். விழுந்தது அக்கா. அதைப் பற்றித்தான் பேசப்போகிறோம்.

'நாங்கள்' என்று பேசுவதற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் 1999ஆம் ஆண்டு உயர்தர வகுப்பிலிருந்து வைத்தியத் துறைக்குப் போனவர்கள் இருவர். மேடையில் நிற்பது ஒருவர்தான் என்றாலும் இந்த உரையை இருவரும் சேர்ந்தே எழுதினோம். நல்லதாக ஏதும் இருந்தால் இருவருக்கும் பங்கு. நாங்கள் செய்த ஒரு பிழையையும் சொல்லப்போகிறோம். அதிலும் இருவருக்கும் பங்கு.

மேசையில் இருக்கும் இந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியைச் சிலர் உற்றுப் பார்க்கிறீர்கள். காற்றில் காபனீரொட்சைட்டு எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் கருவி இது. காலையில் வெளியே மாமரத்தடியில் வைத்தபோது 430 காட்டியது. பத்து இலட்சம் பங்கு காற்றில் 430 பங்கு என்று அர்த்தம். மண்டபத்துக்குள் கொண்டுவந்து வைத்தபோது 700. இதைப் பற்றிப் பிறகு சொல்கிறோம். அதுவரை அது தன் பாட்டில் இருக்கட்டும்.

பழைய தெல்தெனிய நகரத்தோடு விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் போன முதல் கட்டடத்தில் படித்த அக்காமார் சிலர் முன்வரிசையில் இருக்கிறீர்கள். உயர்ந்த கூரை, ஆள் உயர ஜன்னல்கள், ஜன்னலுக்கு வெளியே மரம் என்று நீங்கள் சொல்லக் கேட்டே வளர்ந்தோம். வறட்சிக் காலத்தில் நீர் இறங்கி, பழைய நகரத்தின் இடிபாடுகள் வெளியே தெரியும்போது வேடிக்கை பார்க்கப் போவோம். எது பாடசாலை, எது கடை என்று எங்களுக்குத் தெரியாது. எங்களுக்குக் கிடைத்தது மேலே கட்டிய புதிய பாடசாலை. இடுப்பளவு அரைச்சுவர், அதற்கு மேல் கம்பி வலை, அதற்கும் மேல் கூரை. ஜன்னல் என்று தனியாக ஒன்று தேவையே இல்லை.

அந்த அரைச்சுவரைப் பற்றிக் குறை சொல்லாத பிள்ளை எங்கள் காலத்தில் கிடையாது. மழை சாய்ந்து அடித்தால் மேசைகளை நடுவுக்கு இழுக்க வேண்டும். பரீட்சைத் தாளைக் காற்று தூக்கிக்கொண்டு போகும். எங்கள் கணித பாடத்துக்கு நடுவே அடுத்த வகுப்பின் சங்கீத பாடம் கேட்கும். ரங்கலைப் பக்கத் தோட்டங்களிலிருந்து வந்த பிள்ளைகள் குளிர் மாதங்களில் முதல் இரண்டு பாடமும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார்கள். பெரிய பாடசாலைகளைப் போல் எங்களுக்கும் கண்ணாடி ஜன்னல் போட்ட வகுப்பறை எப்போது கிடைக்கும் என்று ஏங்கியிருக்கிறோம்.

இன்று சுவாச நோய்களை நாளாந்தம் பார்க்கிற வைத்தியர்களாக நின்று சொல்கிறோம். அந்த அரைச்சுவரைவிட நல்ல ஒரு சுகாதார ஏற்பாட்டை எங்களுக்கு யாரும் செய்து தந்ததில்லை.

இனி எங்கள் பிழைக்கு வருகிறோம். எங்கள் வகுப்புத் தோழி ஒருத்தி, கணிதத்தில் எங்கள் எல்லோரையும் விடக் கெட்டிக்காரி. அவளுடைய அனுமதியோடுதான் சொல்கிறோம். பெயரும் ஊரும் சொல்ல மாட்டோம். கண்டி நகரத்தில் ரியூசன் வகுப்பு நடத்திக்கொண்டிருந்தாள். ஒரு கட்டடத்தின் மேல் மாடியில் ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்து, ஏசி போட்ட அறை. வாங்குக்கு நான்கு பேராக நெருக்கி உட்கார்ந்த பிள்ளைகள். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வகுப்பு ஒன்றுகூடலுக்கு வந்தபோது இருமிக்கொண்டே இருந்தாள். எத்தனை நாளாக என்று கேட்டோம். "ஒரு மாதம் இருக்கும், பார்மசியில் சிரப் வாங்கிக் குடிக்கிறேன்" என்றாள். வகுப்பில் இரண்டு வைத்தியர்கள் இருந்தோம். இருவரும் சிரித்துக்கொண்டே சொன்ன பதில், "அது கண்டித் தூசு. ஒரு மாஸ்க் போட்டுக்கொள்."

அதற்குப் பிறகு மூன்று மாதம் கழித்து ஒரு நாள் இரவு பதினொரு மணிக்குத் தொலைபேசி அழைப்பு. கைக்குட்டையில் இரத்தம். சளிப் பரிசோதனையில் காசநோய்.

அந்த மூன்று மாதமும் அவள் வேறு வைத்தியரிடமும் போகவில்லை. ஏன் போகவில்லை என்று கேட்டோம். தங்கைக்குக் கல்யாணம் பேசிக்கொண்டிருந்தார்களாம். மார்பு நோய்ச் சிகிச்சை நிலையத்தின் வாசலில் தெரிந்தவர்கள் யாராவது தன்னைக் கண்டுவிட்டால் என்ன ஆகும் என்று பயந்திருக்கிறாள். "நீங்களே தூசு என்று சொன்ன பிறகு எனக்கும் அதை நம்பத்தான் விருப்பமாக இருந்தது" என்றாள். எங்களைக் குற்றம் சாட்டிச் சொல்லவில்லை. அதனால்தான் இன்னும் மறக்க முடியவில்லை.

சிகிச்சை நிலையத்தார் வீட்டாரையும் வகுப்புப் பிள்ளைகளையும் பரிசோதித்தார்கள். இரண்டு மாணவியருக்குச் சிகிச்சை தேவைப்பட்டது. அவள் ஆறு மாதம் மருந்து குடித்தாள். மூவரும் முழுமையாகக் குணமடைந்துவிட்டார்கள். தங்கைக்கும் கல்யாணம் நடந்தது. இலங்கையில் ஆண்டுதோறும் எட்டாயிரம், ஒன்பதாயிரம் பேர் அளவில் புதிதாகக் காசநோயாளராகக் கண்டறியப்படுகிறார்கள். பரிசோதனையும் மருந்தும் அரசாங்கச் சிகிச்சை நிலையங்களில் முற்றிலும் இலவசம். சரியான மருந்து தொடங்கிச் சில வாரங்களிலேயே மற்றவர்களுக்குத் தொற்றுவது வெகுவாகக் குறைந்துவிடும். பிறந்த பிள்ளைக்குப் போடும் பி.சி.ஜி. ஊசி குழந்தைகளைக் கடுமையான காசநோயிலிருந்து காக்கும். ஆனால் நாற்பது வயதில் அதை நம்பி இருக்க முடியாது. இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் சளியைச் சோதிக்க வேண்டும். தூசு என்றும் அலர்ஜி என்றும் முதலில் சொல்லக் கூடாது. சோதித்த பிறகு சொல்லலாம்.

எங்கள் தோழி கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தேடியபோதுதான் இந்த உரையின் கரு கிடைத்தது. "பாடசாலையிலும்தானே பாடம் எடுத்தேன். அங்கே ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. ரியூசன் பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் வந்தது?"

அவள் ஆசிரியையாக இருந்த பாடசாலையிலும் அரைச்சுவர்தான்.

காசநோய்க் கிருமி எச்சிலிலோ பாத்திரத்திலோ பரவுவதில்லை. இருமும்போதும் பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் மிக நுண்ணிய துளிகள் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல், மூடிய அறையில் மணிக்கணக்காகக் காற்றில் மிதக்கும். 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் இதை நிரூபித்தார்கள். காசநோயாளர் வார்டிலிருந்து வெளியேறும் காற்றைக் குழாய் வழியாக மேல் மாடிக்குக் கொண்டுபோய், அங்கே கூண்டில் வைத்திருந்த கினிப் பன்றிகளைச் சுவாசிக்க விட்டார்கள். நோயாளியை ஒருபோதும் காணாத அந்தப் பிராணிகளுக்கும் காசநோய் வந்தது. சின்னம்மையும் சின்னமுத்தும் இப்படித்தான் காற்றில் பயணிக்கின்றன. கொவிட்டும் அப்படித்தான். ஆனால் அதை ஏற்றுக்கொள்ள உலகம் காலம் எடுத்தது. 2020 மார்ச் மாதக் கடைசியில் கூட உலக சுகாதார நிறுவனம் கொவிட் காற்றில் பரவும் நோய் அல்ல என்று அறிவித்தது. அதே ஆண்டு ஜூலையில் 239 விஞ்ஞானிகள் சேர்ந்து அப்படி இல்லை என்று பகிரங்கக் கடிதம் எழுத வேண்டி வந்தது. நாங்களும் வாசலில் கை கழுவும் தொட்டி வைப்பதிலும் தேங்காயைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுவதிலும் காட்டிய அக்கறையை ஜன்னலில் காட்டவில்லை.

நம் பாடகர் குழுவில் பாடியவர்களுக்கு ஒரு செய்தி சொல்ல வேண்டும். 2020 மார்ச் 10ஆம் திகதி, அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்கேஜிட் என்ற இடத்தில் 61 பேர் பாட்டுப் பயிற்சிக்குக் கூடினார்கள். கை குலுக்கவில்லை, கட்டிப்பிடிக்கவில்லை, வாசலில் கிருமிநீக்கி வைத்திருந்தார்கள். இரண்டரை மணி நேரம் ஒரு மண்டபத்துக்குள் பாடினார்கள். 53 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள்.

ஏசியைப் பற்றி ஒரு தவறான எண்ணம் எல்லோரிடமும் இருக்கிறது. வீடுகளிலும் வகுப்புகளிலும் சுவரில் மாட்டுகிற சாதாரண ஏசி வெளியிலிருந்து புதிய காற்றைக் கொண்டுவருவதில்லை. அறைக்குள் இருக்கிற அதே காற்றை இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. ஒருவர் விட்ட மூச்சைத்தான் மற்றவர் குளிராக வாங்குகிறார். 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகரத்தில், ஜன்னல் இல்லாத ஓர் உணவக மாடியில், ஒரே ஏசியின் காற்று சுழன்ற பக்கத்தில் அமர்ந்திருந்த மூன்று குடும்பங்களில் பத்துப் பேருக்குக் கொவிட் வந்தது.

ஓர் அறையின் காற்று முழுவதும் ஒரு மணி நேரத்தில் எத்தனை முறை புதிதாக மாறுகிறது என்பதை அளக்க முடியும். பெரு நாட்டின் தலைநகர் லீமாவில் வைத்தியசாலைகளின் வார்டுகளில் இப்படி அளந்து 2007இல் வெளியிட்டார்கள். இயந்திரத்தால் காற்றோட்டம் செய்த நவீன அறைகளில் மணிக்கு 12 முறை. சாதாரணமாக ஜன்னலையும் கதவையும் திறந்துவிட்ட அறைகளில் 28 முறை. உயர்ந்த கூரையும் பெரிய ஜன்னலும் வைத்து அரை நூற்றாண்டுக்கு முன் கட்டிய பழைய வார்டுகளில் 40 முறை. நீருக்குள் போன பாடசாலையில் படித்த அக்காமார் இப்போது புன்னகைக்கலாம். ஜன்னலை மூடிவிட்டால்? ஒன்று, ஒன்றரை முறைதான்.

இவ்வளவு கேட்ட பிறகு கண்டியில் இருக்கும் தங்கைமார் சிலர் மனதில் ஒரு கேள்வி எழுந்திருக்கும். ஜன்னலைத் திறந்தால் பஸ் புகையல்லவா உள்ளே வருகிறது?

நியாயமான கேள்வி. கண்டி ஒரு கிண்ணத்துக்குள் இருக்கும் நகரம். சுற்றிலும் மலை. இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தங்கிவிடும், மேலே சற்று வெப்பமான காற்று மூடியைப் போல் படிந்துகொள்ளும். காலையில் அந்த மூடிக்குக் கீழேதான் கட்டுகஸ்தோட்டை வீதியாலும் பேராதனை வீதியாலும் நம் பக்கத்து மகியங்கனை வீதியாலும் வரும் அத்தனை பஸ்ஸும் வானும் ஓட்டோவும் வந்து சேர்கின்றன. நகரத்துக்குள் போக இருப்பது சில வீதிகள். பாடசாலைகளோ ஏராளம். பிள்ளைகள் வகுப்புக்குப் போகும் நேரமும் புகை மிகுந்த நேரமும் ஒன்றாகிவிடுகிறது. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் இரசாயனவியல் பேராசிரியர் ஒலிவர் இலேபெரும போன்றவர்கள் கண்டிக் காற்றைப் பற்றிப் பல ஆண்டுகளாக எச்சரித்து வந்திருக்கிறார்கள். ஒன்றுமே நடக்கவில்லை என்றும் சொல்ல முடியாது. 2002இல் ஈயம் கலந்த பெற்றோல் நிறுத்தப்பட்டது, பிறகு வாகனப் புகைப் பரிசோதனை வந்தது. ஆனாலும் ஏற்றத்தில் கரும்புகை கக்கிக்கொண்டு போகிற பஸ்ஸுக்குப் பின்னால் நின்றவர்களுக்கு மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை.

புகையில் மிகவும் கெட்டது நம் கண்ணுக்குத் தெரியாதது. பிஎம் 2.5 என்று செய்திகளில் கேட்டிருப்பீர்கள். ஒரு தலைமுடியின் குறுக்களவில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு அளவுள்ள துகள்கள். மூக்கின் முடியும் தொண்டையின் சளியும் பிடிக்க முடியாமல் நுரையீரலின் கடைசிப் பை வரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கும். தொய்வு உள்ள பிள்ளைக்கு இழுப்பு கூடும், பெரியவர்களுக்கு மாரடைப்பும் பாரிசவாதமும் கூடும். ஒரு கன மீற்றர் காற்றில் ஆண்டுச் சராசரி 25 மைக்ரோகிராம் வரை இருக்கலாம் என்று 2008இல் நம் நாட்டில் வரையறை செய்தார்கள். 2021இல் உலக சுகாதார நிறுவனம் தன் வழிகாட்டலை 5 ஆகக் குறைத்துவிட்டது. நம் வரையறைக்கு உட்பட்ட காற்று என்பதால் நல்ல காற்று என்று ஆகிவிடாது.

காற்றுக்கு எல்லையும் கிடையாது. 2022 டிசம்பரில் மண்டூஸ் புயல் காலத்தில் இந்தியப் பக்கத்திலிருந்து வந்த மாசு நாடெங்கும் மூடிப் படர்ந்ததும் 9ஆம் திகதி பாடசாலைகளுக்கு விடுமுறை விட்டதும் நினைவிருக்கும். மலை தெரியாமல் போனதைப் பனிமூட்டம் என்று நினைத்துப் படம் எடுத்துப் போட்டவர்கள் நம் குழுவிலேயே இருந்தீர்கள். வெளிநாட்டில் இருக்கும் சகோதரிகளும் இதற்குத் தப்பவில்லை. 2023 ஜூனில் கனடாக் காட்டுத்தீப் புகையில் ரொறொன்ரோவிலிருந்து எங்களுக்கு அழைப்பு மேல் அழைப்பு. இலண்டனில் பெரும் வீதியொன்றின் அருகே வளர்ந்த எல்லா அடூ-கிஸ்ஸி-டெப்ரா என்ற ஒன்பது வயதுச் சிறுமி 2013இல் தொய்வால் இறந்தாள். அவளுடைய தாய் விடாமல் போராடியதால் 2020 டிசம்பரில் மரண விசாரணை அதிகாரி, காற்று மாசும் அவள் மரணத்துக்கு ஒரு காரணம் என்று தீர்ப்பளித்தார். பிரித்தானியாவில் அப்படிப் பதிவான முதல் மரணம் அது.

அப்படியானால் ஜன்னலைத் திறப்பதா, மூடுவதா? எங்கள் அபிப்பிராயத்தைச் சொல்கிறோம். தெல்தெனியவில் இந்தக் கேள்விக்கே இடமில்லை. நகரத்தைவிட நம் காற்று நல்லது, திறந்து வையுங்கள். திகனைப் பக்கம் டொலமைட் கல் உடைக்கும் இடத்துக்கு அருகே வீடு என்றால் அது வேறு கதை. கண்டியில் பெரிய வீதியை ஒட்டிய வீடோ வகுப்போ என்றால், காலையில் ஆறரையிலிருந்து எட்டு வரையும் பாடசாலை விடும் நேரத்திலும் வீதிப் பக்க ஜன்னலை மட்டும் மூடி, பின்பக்கத்தைத் திறந்து வைக்கலாம். மற்ற நேரத்தில் இரண்டையும் திறக்க வேண்டும். ஒன்றுமே திறக்க வழியில்லாத அறையில் நாற்பது பிள்ளைகளை உட்கார வைக்கக் கூடாது, அவ்வளவுதான். முகக்கவசத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. துணி மாஸ்க்கால் புகைத் துகளைத் தடுக்க முடியாது. புகைக்கும் நோய்க்கும் உதவுவது முகத்தோடு ஒட்டி நிற்கும் என்95 வகைதான்.

வீதிப் புகையைப் பற்றிப் பேசினால் எல்லோரும் தலையாட்டுவீர்கள், ஏனென்றால் அது வேறு யாரோ விடும் புகை. இனிப் பேசப்போவது நம் வீட்டுப் புகை.

எங்கள் சிகிச்சை நிலையத்துக்குத் தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். அறுபத்தைந்து வயது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. ஊதும் கருவியில் ஊத வைத்துப் பார்த்தால், முப்பது வருடம் சிகரெட் பிடித்தவரின் நுரையீரல். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டோம். "சிகரெட், சுருட்டு ஏதும் குடிப்பீங்களாம்மா?" அவர் சிரித்துவிட்டார். "நல்லா கேட்டீங்க டொக்டரம்மா. நான் ஊதுனது பூரா அடுப்பத்தானே. பதினாலு வயசுல ஊதாங்குழல கையில எடுத்தேன்."

அவர் ஒருவர் அல்ல. 2012 குடிசன மதிப்பீட்டில் நம் நாட்டு வீடுகளில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் விறகில்தான் சமைத்தார்கள். பிறகு எரிவாயு பரவியது. 2022 நெருக்கடியில் எரிவாயு வரிசையில் நின்று நின்று வெறுத்துப்போய், திகனையிலும் கெங்கல்லையிலும் ஓடு போட்ட நல்ல வீடுகளில் கூட அடுப்படி மூலையில் மூன்று கல்லை வைத்தார்கள். பல வீடுகளில் அந்தக் கல் இன்னும் இருக்கிறது. வீட்டுக்குள் எரியும் இந்தப் புகையால் 2020இல் உலகம் முழுவதும் 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டிருக்கிறது. அடுப்பின் முன்னால் நிற்பது பெரும்பாலும் பெண்களும் அவர்கள் இடுப்பில் இருக்கும் பிள்ளைகளும்தான்.

பழைய லயன் அறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரு வாசல், ஜன்னல் என்று சொல்ல முடியாத ஒரு துவாரம், உள்ளேயே அடுப்பு, ஆறேழு பேர். நுரையீரலின் குழாய்களில் இருக்கும் மெல்லிய மயிர்கள் ஓயாமல் அசைந்து கிருமியையும் தூசையும் வெளியே தள்ளும். புகை அவற்றைச் செயலிழக்கச் செய்கிறது. அதே அறையில் ஒருவருக்குக் காசநோய் வந்தால் மற்றவர்களுக்குக் காவலும் இல்லை, காற்றும் இல்லை. புகையும் தொற்றும் வேறு வேறு தலைப்புகள் என்று மருத்துவக் கல்லூரியில் படித்தோம். லயன் அறையில் அவை ஒரே தலைப்பு.

எரிவாயு வாங்குங்கள் என்று சொல்வது எளிது. விலையைக் கேட்டால் நாங்களே மௌனமாகிவிடுவோம். ஆனால் செய்யக்கூடியது இருக்கிறது. இரண்டு வாய் கொண்ட மண் 'அனகி' அடுப்பு 1980களிலிருந்தே நம் நாட்டில் புழக்கத்தில் இருக்கிறது. மூன்று கல் அடுப்பைவிட விறகும் குறைவு, புகையும் குறைவு. குறைவுதானே தவிர இல்லாமல் போவதில்லை. ஆகவே அடுப்புக்கு மேலே புகைபோக்கி வேண்டும், எதிர்ப் பக்கம் ஒரு திறப்பு வேண்டும். விறகைக் காய வைத்து எரித்தால் பாதிச் சண்டை முடிந்தது. அடுப்படியில் குழந்தையைத் தொட்டிலில் போடக் கூடாது. பொலித்தீன் பையால் அடுப்பு மூட்டவே கூடாது. இது எங்கள் அம்மாமாரிடம் நாங்களே இன்னும் வெல்லாத வழக்கு.

நுளம்புத்திரியையும் சொல்லாமல் விட முடியாது. டெங்குப் பயத்தில் கதவு, ஜன்னல் எல்லாம் அடைத்து, கட்டிலுக்குக் கீழே திரியைக் கொளுத்தி வைத்துவிட்டுத் தூங்குகிறோம். ஒரு திரி முழுவதும் எரிந்து முடியும்போது வெளிவிடும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் எரிந்த அளவுக்குச் சமம் என்று 2003இல் வெளிவந்த ஓர் ஆய்வு அளந்து சொன்னது. தொய்வு உள்ள பிள்ளையை இரவில் நெபுலைசர் பிடிக்கத் தூக்கிக்கொண்டு ஓடிவரும் தாயிடம் நாங்கள் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இதுதான். டெங்கு நுளம்பு பகலில் கடிப்பது என்பதும் இரவுத் திரியால் அதைத் தடுக்க முடியாது என்பதும் வேறு விஷயம். ஜன்னலுக்கு வலை அடித்தால் நுளம்பும் வராது, காற்றும் நிற்காது. நம் பாடசாலைக்கு இருக்கும் அதே கம்பி வலையைக் கொஞ்சம் நெருக்கமாக அடித்தால் போதும்.

இனிச் சங்கத்தின் விஷயம். அக்காமார் கோபிக்கக் கூடாது.

நூற்றாண்டு நினைவாக இந்த மண்டபத்தின் பக்கத் திறப்புகளை அடைத்துக் கண்ணாடி போட்டு ஏசி பூட்டித் தருவது என்று செயற்குழுவில் பேசப்பட்டிருக்கிறது. மெல்பேர்னிலிருந்தும் ரியாத்திலிருந்தும் சகோதரிகள் பணம் அனுப்பத் தொடங்கிவிட்டார்கள். அன்பினால் எடுத்த முடிவு. நம் பிள்ளைகளும் நகரத்துப் பிள்ளைகளைப் போல் வசதியாக இருக்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கும் இல்லாமல் இல்லை. ஒரு காலத்தில் நாங்கள் ஏங்கிய கண்ணாடி ஜன்னல் அல்லவா! ஆனால் பரிசளிப்பு விழாவுக்கு நானூறு பேர் இந்த மண்டபத்தில் கூடுகிறோம். இன்ஃபுளுவென்சா பரவும் மாதத்தில், மூடிய கண்ணாடிக்குள், ஒரே காற்றைச் சுற்றிச் சுற்றிச் சுவாசித்துக்கொண்டு மூன்று மணி நேரம். மின்கட்டணத்தை யார் கட்டுவது என்ற கேள்வியும் வரும். பணம் முடிந்த நாளில் ஏசி நிற்கும், கண்ணாடி மட்டும் மூடியபடியே இருக்கும். வேறோர் இடத்தில் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறோம்.

எங்கள் யோசனை இது. அந்தப் பணத்தில் மண்டபத்தின் கூரையைச் சற்று உயர்த்தி, மேலே சூடான காற்று வெளியேறத் திறப்பு வைக்கலாம். சாரல் அடிக்காமல் இறவாரத்தை நீட்டி, பெரிய மின்விசிறிகள் போடலாம். இற்றுப்போன வகுப்பறை வலைகளை மாற்றலாம். மிஞ்சினால், பிள்ளைகளுக்கு மதிய உணவு சமைக்கும் தாய்மாருக்குப் புகைபோக்கி வைத்த ஒரு நல்ல சமையலறை கட்டிக் கொடுக்கலாம். பரிசளிப்பு விழாப் படத்தில் அந்தச் சமையலறை தெரியாதுதான். இதை அடுத்த மாதக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்கும்படி செயலாளர் அக்காவிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறோம். மறுத்து வாக்களித்தாலும் சந்தா கட்டுவதை நிறுத்த மாட்டோம்.

இந்தச் சின்னப் பெட்டியை நாங்கள் திரும்பக் கொண்டுபோகப் போவதில்லை. பத்தாம் தர விஞ்ஞானப் பிள்ளைகளிடம் கொடுக்கிறோம். ஒவ்வொரு வகுப்பிலும் ஒரு கிழமை வைத்து எண்களை எழுதட்டும். நாம் வெளிவிடும் மூச்சில் காபனீரொட்சைட்டு இருப்பதால், எண் ஏற ஏற, ஒருவர் விட்ட மூச்சை இன்னொருவர் எடுப்பது கூடுகிறது என்று அர்த்தம். 800க்குள் இருந்தால் நல்லது. ஆயிரத்தைத் தாண்டினால் காற்றோட்டம் போதவில்லை.

பேசத் தொடங்கும்போது 700 இருந்தது. படக்காட்சிக்காக ஜன்னலை எல்லாம் சாத்தி, திரையை இழுத்துவிட்டு, நாங்கள் இவ்வளவு நேரம் பேசியாகிவிட்டது. இப்போது 1,640. முன்வரிசை அக்காமார் இருவர் கண்ணை மூடியிருப்பதற்கு எங்கள் பேச்சு மட்டும் காரணம் இல்லை என்று சொல்லிக்கொள்கிறோம். படக்காட்சி இனி இல்லை. கடைசி வரிசையில் இருக்கும் தங்கைமார், பின்னால் இருக்கிற அந்த இரண்டு ஜன்னலையும் கொஞ்சம் திறந்துவிடுகிறீர்களா?